கடைசி ஆறு பேர்

பட்டியலில் தன் மைத்துனன் கீழிருந்து மூன்றாவதாக இருப்பதைப் பார்த்ததும் பூதக்கண்ணாடி செய்த முதல் காரியம், திரையை அணைத்ததுதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்தார். மைத்துனன் அங்கேயேதான் இருந்தான்.

"என்ன சார், கரண்ட் போச்சா?" என்றார் எதிர் மேஜைக் கணக்காளர்.

"இல்ல, கண்ணுல தூசு."

பூதக்கண்ணாடி என்பது அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை அவருக்கு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்துகொண்டிருந்தாள். அங்கே யார் எந்தக் கணக்கு ஷீட் போட்டாலும் கடைசியில் அது இவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, இந்தக் கட்டத்தில் சூத்திரம் தப்பு, அந்தக் கட்டத்தில் கூட்டல் தப்பு என்று சிவப்பு அடித்துத் திருப்பி அனுப்புவார். தப்பைக் கண்டுபிடிப்பவனை யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள்? இவரையும் யாரும் கூப்பிடுவதில்லை.

தொழிற்சாலை படுத்துவிட்டது. பாதி இயந்திரங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடியாயிற்று. நடைபாதையில் ஒன்று விட்டு ஒன்று விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள். ஆட்களையும் கழற்றப்போகிறார்கள் என்று பேச்சு. அது பேச்சு இல்லை, நிஜம்தான் என்று அன்று காலை மேலாளர் இவரைக் கூப்பிட்டு ஒரு ஷீட்டைக் கொடுத்தபோது தெரிந்தது.

"தலைமை ஆபீஸ்ல இருந்து வந்தது. எல்லார் பேரும் இருக்கு. கடைசியில மொத்தம்னு ஒரு புள்ளி வருது பாருங்க, அது சரியா வருதான்னு பார்த்துக் குடுங்க. வெள்ளிக்கிழமை கடிதம் குடுக்கணும்."

"ஆறு பேர் போறாங்கன்னு சொல்றாங்களே சார்..."

"பார்முலாவைப் பாருங்க. பேரைப் பார்க்காதீங்க."

பூதக்கண்ணாடி ஷீட்டோடு மேஜைக்குத் திரும்பினார். கேட்பதற்கு என்ன இருக்கிறது? எத்தனை வருட வேலை, எத்தனை மணி ஓவர்டைம், எடுக்காமல் விட்ட விடுப்பு எவ்வளவு, எத்தனை முறை சம்பள உயர்வு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி, கடைசியில் மொத்தம். அதிகம் வாங்கியவர் மேலே, குறைந்தவர் கீழே. ஓரத்தில் ஒரு கட்டத்தில் 'எண்ணிக்கை: 6' என்று போட்டிருந்தது. கீழே இருக்கும் ஆறு பேருக்குச் சீட்டு கிழிகிறது. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

மைத்துனன் ஒட்டும் பிரிவில் இருந்தான். அவனை அங்கே சேர்த்துவிட்டவர் இவர்தான். அவன் மனைவிக்கு இது ஏழாவது மாதம். முந்தின நாள் சாயங்காலம் பூதக்கண்ணாடியின் மனைவி அவர் முன்னால் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் ஒன்று சொல்லியிருந்தாள். அவள் குரலை உயர்த்தாமல் பேசினால்தான் அவருக்குப் பயம் அதிகம்.

"என் தம்பி பேரு அந்த லிஸ்டுல வந்துச்சுன்னா, நீங்க அவன் முகத்துல எப்படி முழிப்பீங்களோ தெரியாது. என் முகத்துல முழிக்க வேண்டாம்."

இந்த வேலையில் பூதக்கண்ணாடிக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கட்டமாக நோண்டிக்கொண்டிருந்தால் ஆயுசு போய்விடும். அவர் முதலில் எண்களை மறைத்துவிட்டுச் சூத்திரங்களை மட்டும் திரையில் வரவழைப்பார். ஒரு நெடுவரிசையில் மேலிருந்து கீழ்வரை எல்லாச் சூத்திரமும் ஒரே முகமாக இருக்க வேண்டும். எது முகம் மாறி நிற்கிறதோ அதன் காதைப் பிடித்தால் போதும். எப்போதும் மேலிருந்துதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு மைத்துனன் வரிசையிலிருந்து ஆரம்பித்தார். 'எல்லாத்தையும்தானே பார்க்கப் போறோம், எங்க ஆரம்பிச்சா என்ன' என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஓவர்டைம் நெடுவரிசையிலேயே சிக்கியது. மற்ற பிரிவுகளுக்கெல்லாம் டிசம்பர்வரை கூட்டியிருந்த சூத்திரம், ஒட்டும் பிரிவுக்கு மட்டும் அக்டோபரோடு நின்றிருந்தது. கடைசி இரண்டு மாதம்தான் மைத்துனன் வீட்டுக்கு வழி மறந்துபோகிற அளவுக்கு வேலை செய்திருந்தான். அத்தனையும் காற்றில் போயிருந்தது.

சூத்திரத்தை இழுத்து நீட்டினார். பட்டியல் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. மைத்துனன் நடுவில் போய் உட்கார்ந்தான். பூதக்கண்ணாடி நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். கள்ளத்தனம் எதுவும் செய்யவில்லை, தப்பைத்தான் திருத்தினார். வேண்டியவருக்கு வேண்டியது நேர்மையாகவே கிடைக்கிற சுகம் அவர் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

அப்புறம்தான் கீழே பார்த்தார். ஒருவன் ஏறினால் ஒருவன் இறங்க வேண்டுமே. சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் கடைசி ஆறு பேருக்குள் வந்திருந்தார்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் ஸ்டோர்காரர் வழக்கம்போல இவர் எதிரில்தான் உட்கார்ந்தார். அந்தத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஜீவன் அவர்தான்.

"என்னப்பா, சோறு இறங்கலையா?"

"பசிக்கல."

"லிஸ்ட் உன்கிட்டதான் இருக்காமே?"

"யார் சொன்னா?"

"வாட்ச்மேன்ல இருந்து எல்லாரும்தான் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் பயமில்லப்பா. பத்தொன்பது வருஷம். என்னைத் தூக்கிட்டா, எந்தச் சாமான் எந்த மூலையில கெடக்குன்னு இவனுங்களுக்குத் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, தன் டப்பாவிலிருந்து முட்டையில் பாதியை எடுத்து இவர் டப்பாவில் வைத்தார். "சாப்பிடு. உன் மூஞ்சியைப் பார்த்தா நீதான் வேலையை விட்டுப் போற மாதிரி இருக்கு."

அந்தப் பாதி முட்டையோடு டப்பாவை மூடினார் பூதக்கண்ணாடி. மேஜைக்கு ஓடி வந்து ஸ்டோர்காரர் வரிசையைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்துக்குப் புள்ளி: பூஜ்யம்.

காரணம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எண் என்றால் கட்டத்தின் வலது ஓரம் ஒட்டி நிற்கும். எழுத்து என்றால் இடது ஓரம். ஸ்டோர்காரரின் பத்தொன்பது இடது ஓரத்தில் நின்றது. யாரோ மரியாதையாக '19 வருஷம்' என்று முழுசாகத் தட்டிவைத்திருந்தார்கள். ஷீட்டுக்கு மரியாதை தெரியாது. எழுத்து என்று ஒதுக்கிவிட்டது.

'வருஷம்' என்பதை அழித்தார். ஸ்டோர்காரர் விர்ரென்று மேலே போனார். ஆனால் பழைய ஆட்கள் எல்லாருக்குமே அதே புண்ணியவான்தான் தட்டியிருந்தான். ஸ்டோர்காரரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு நொடி நினைத்தார். பிறகு நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு எல்லாருடைய வருஷத்தையும் அழித்தார். பழைய ஆட்கள் கூட்டமாக மேலே ஏறினார்கள். மைத்துனன் சறுக்கிக்கொண்டே வந்து கீழிருந்து இரண்டாவதாக நின்றான். காலையில் இருந்ததைவிட ஒரு படி மோசம்.

செல்போன் அடித்தது. மனைவி.

"என்னாச்சு?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்."

"பார்த்துக்கிட்டிருக்கேன்னா? இருக்கானா, இல்லையா?"

"கொஞ்ச நேரம் முன்னாடி இருந்தான்."

எதிர்ப்பக்கம் இணைப்பு அறுந்தது.

இதற்கிடையில் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தார். மனசு கேட்காமல் ஸ்டோர் பக்கம் போய், "உன் ரோவுல ஒரு தப்பு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன், இனிமே நிம்மதியா இரு" என்று சொல்லிவிட்டார். காதும் காதும் வைத்தாற்போலத்தான் சொன்னார். ஸ்டோர்காரரும் காதும் காதும் வைத்தாற்போலத்தான் பத்துப் பேரிடம் சொன்னார்.

மறுநாள் காலை பூதக்கண்ணாடி வந்தபோது அவர் மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது.

"சார், என் ரோவுலயும் ஒரு தப்பு இருக்கும் பாருங்க," என்றார் லாரி ஓட்டுநர்.

"என்ன தப்பு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான கண்டுபிடிக்கணும். ஸ்டோர்காரருக்கு மட்டும் கண்டுபிடிச்சீங்க?"

"சார், எனக்குப் பெரிய தப்பு வேண்டாம். சின்னதா ஒண்ணு இருந்தாப் போதும்," என்றான் அச்சுப் பிரிவுக்காரன்.

பல வருடங்களாகத் தப்பு கண்டுபிடித்ததற்காகத் திட்டு வாங்கியவரிடம், தப்பு கண்டுபிடிக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவருக்கு அதில் துளி சந்தோஷமும் வரவில்லை. ஒவ்வொரு முகத்தையும் பார்க்கும்போது அந்த முகம் எந்த வரிசையில் நிற்கிறது என்பதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

கடைசியாகப் பேக்கிங் பிரிவு அக்கா வந்தாள். எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. அவள் எதையும் கேட்கவில்லை.

"உங்களுக்கும் பார்க்கணுமாம்மா?"

"வேணாம் சார். என் கணக்குல தப்பு இருக்காது. எங்க வீட்டுக்காரரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் அத்தனை லீவும் போட்டேன். போட்டது போட்டதுதான. என்னைக்கு சொல்வாங்கன்னு மட்டும் முன்கூட்டியே சொன்னீங்கன்னா, வேற எங்கயாவது கேட்டு வைப்பேன்."

அவள் கீழிருந்து ஆறாவது. பூதக்கண்ணாடி அவள் வரிசையை நாலு தடவை பார்த்தார். அவள் சொன்னது சரிதான். அவளுக்கென்று ஒரு தப்புகூட இல்லை. அவருக்கு அழுகை வந்தது. மேஜையில் தலையைக் குனிந்து பேனாவைத் தேடுவதுபோல நடித்தார்.

அன்று மத்தியானத்துக்குள் மூன்றாவது தப்பையும் பிடித்துவிட்டார். விடுப்புக் கணக்கு. வருடத்துக்கு இத்தனை நாள் விடுப்பு என்கிற எண், மேலே ஒரே ஒரு கட்டத்தில் இருந்தது. சூத்திரத்தை அந்தக் கட்டத்தோடு பூட்டிக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. கீழே நகலெடுக்க நகலெடுக்க அது படிப்படியாக வழுக்கி, வெறும் கட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மைத்துனன் கல்யாணத்துக்கே அரை நாள்தான் லீவு போட்டவன். தாலி கட்டிவிட்டு மத்தியான ஷிப்டுக்கு வந்து, ஆளாளுக்குக் கிண்டல் செய்ததை வாங்கிக்கொண்டவன். அவன் விடுப்புக்கும் பூஜ்யம்தான் விழுந்திருந்தது.

பூட்டைப் போட்டார். மைத்துனன் எழும்பினான். நடுவைத் தாண்டினான். போய்க்கொண்டே இருந்தான். மேலிருந்து நாலாவது இடத்தில் போய் நின்றான். ஸ்டோர்காரர் இரண்டாவது.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். மைத்துனன் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான். அவன் மனைவி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரும் எதையும் கேட்கவில்லை. ஆனால் நாலு சுவரும் சேர்ந்து இவர் வாயைப் பிடுங்கின.

"சொல்லக் கூடாது," என்றார் பூதக்கண்ணாடி.

"சொல்லாதீங்க. தலையை மட்டும் ஆட்டுங்க," என்றாள் மனைவி.

தலையை ஆட்டினார். அது போதாது என்று தோன்றியது. "மேல இருந்து நாலாவது. உன் தம்பி மாதிரி உழைச்சவன் அங்க மூணே பேர்தான்."

மைத்துனன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் மனைவி எட்டி அவன் முதுகைத் தடவினாள். கொஞ்சம் தெளிந்ததும் எழுந்து செல்போனை எடுத்தான்.

"யாருக்குடா?" என்றாள் பூதக்கண்ணாடியின் மனைவி.

"பக்கத்து ஊரு பிஸ்கட் கம்பெனிக்குக்கா. வேலை இருக்கு, நாளைக்குள்ள பதில் சொல்லுன்னாங்க. ஒரு பாதுகாப்புக்குச் சொல்லி வச்சிருந்தேன். இனி எதுக்கு? வேற யாருக்காவது உதவும்."

"நல்லா யோசிச்சுக்கோ," என்றார் பூதக்கண்ணாடி.

"நீங்களே பார்த்துட்டீங்க மாமா. அதுக்கு மேல என்ன யோசனை?" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று அந்த வேலை வேண்டாம் என்று பேசி முடித்தான்.

அன்று மனைவி அவருக்குத் தன் கையால் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். கொட்டையைக்கூட எடுத்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஒரே ஒரு நெடுவரிசைதான் பாக்கி: மொத்தம். எல்லாம் சூத்திரம்தானா, இல்லை எங்காவது கையால் எண் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் சூத்திரத்தின் மேலேயே எண்ணைத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதன்பிறகு உலகமே மாறினாலும் அந்தக் கட்டம் மாறாது. பூதக்கண்ணாடி சூத்திரங்களை வரவழைத்தார். மேலிருந்து கீழே வரிசையாக ஒரே முகம், ஒரே முகம். நடுவில் ஒரு கட்டத்தில் மட்டும் வெறும் எண் நின்றது. 81.

பெயரைப் பார்த்தார். அவர் பெயர். சொந்தப் பெயர்.

யாரோ அவருக்காகக் கையால் எண்பத்தொன்று போட்டு வைத்திருந்தார்கள். அதனால்தான் இரண்டு நாளாக யார் புள்ளி மாறினாலும் அவர் புள்ளி மட்டும் ஆடாமல் நின்றது. முதல்நாள் இருந்த வரிசையில் எண்பத்தொன்று முதல் ஆறு இடத்துக்குள் வரக்கூடிய எண்; மற்றவர்கள் ஏறியதில் இப்போது நடுவுக்கு வந்திருந்தது. தன் மீது இவ்வளவு அக்கறை யாருக்கு? தலைமை ஆபீஸுக்கு அவர் முகமே தெரியாது. இங்கே இந்த ஷீட்டைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். அவர், மேலாளர்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தார். அந்த எண்ணுக்குப் பதில் சூத்திரத்தைப் போட்டால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். ஓவர்டைம் கிடையாது, மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர். முதுகுவலி என்று விடுப்பெல்லாம் தீர்த்தவர். அப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்கிறவரே அவர்தானே.

ஆனால் அவர் நடுவில் உட்கார்ந்திருக்கும்வரை பேக்கிங் அக்கா கீழிருந்து ஆறாவது.

சூத்திரத்தைப் போட்டார். தன் பெயர் கீழே, கீழே, கீழே போய்க் கீழிருந்து மூன்றாவது இடத்தில் நின்றது. முதல்நாள் மைத்துனனைப் பார்த்த அதே இடம். அக்கா ஒரு படி ஏறி, கோட்டுக்கு மேலே வந்துவிட்டாள்.

மேலாளர் அறையில் ஷீட்டைத் திறந்து காட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"ஒவ்வொரு கட்டமும் பார்த்துட்டேன் சார். இனி ஒரு தப்பு இல்ல."

மேலாளர் விரலால் உருட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். "உங்க ரோவையும் மாத்தியிருக்கீங்க."

"தப்பா இருந்துச்சு சார்."

"தெரிஞ்சுதான் மாத்துனீங்களா?"

"ஆமா சார்."

மேலாளரின் முகம் தொங்கிப்போனது. "உங்களை என்ன பண்றதுன்னே தெரியலய்யா," என்று பெருமூச்சு விட்டார். இத்தனை வருடம் இந்த மனிதரின் ஷீட்டுகளில் எத்தனை சிவப்பு அடித்திருப்போம்! அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாமல் நம்மைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாரே என்று பூதக்கண்ணாடி உருகிப்போனார்.

வெள்ளிக்கிழமை காலை மேஜையைக் காலி செய்தார். டம்ளர், தேய்ந்த செருப்பு, முதுகுக்கு வைக்கும் தலையணை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். தம்பி வேலை நிலைத்த சந்தோஷத்தில் அவள் தாங்கிக்கொள்வாள் என்று ஒரு நம்பிக்கை. பேக்கிங் பிரிவுப் பக்கம் ஒரு நடை போய், "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அவள் கும்பிட்டாள். இந்தத் தொழிற்சாலையில் அவரைப் பார்த்து யாரும் கும்பிட்டதில்லை.

"கிளம்பறேன் சார்," என்றார் கணக்காளரிடம். "ஏதாவது தப்பா நடந்திருந்தா மனசுல வச்சுக்காதீங்க. தப்பை மட்டும்தான் பார்த்தேன், ஆளைப் பார்த்ததில்ல."

கணக்காளர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது தபால் பிரிவு அம்மா உள்ளே வந்தார். கடிதங்களைத் தட்டச்சு செய்து, மடித்து, உறையில் போட்டு ஒட்டுவது அவர் வேலை. மார்போடு சேர்த்து ஆறு உறைகளைப் பிடித்திருந்தார். பூதக்கண்ணாடி நிமிர்ந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை நீட்டினார்.

"குடுங்கம்மா."

"என்ன சார்?"

"என் கவர்."

"உங்களுக்கு எதுவும் இல்லையே சார்."

"நல்லாப் பாருங்கம்மா. நானே சரிபார்த்த லிஸ்ட். கடைசி ஆறு பேர்ல நான் மூணாவது."

தபால் பிரிவு அம்மா உறைகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, அவரைப் புரியாமல் பார்த்தார்.

"கடைசியில இருக்கறவங்களுக்கு ஆகற செலவே கொஞ்சம், அவங்களை அனுப்பி கம்பெனிக்கு என்ன சார் மிச்சமாகப் போகுது? மேல இருக்கற ஆறு பேருக்குத்தான் கடிதம். உங்க மச்சான் எந்த மெஷின்ல நிப்பாருன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?"